மறு: பாட்டோடு ஓடும் எழுத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பாட்டு ஓடும்போதே அதன் வரிகளை அதே மொழியில் திரையில் காட்டிப் படிக்கப் பழக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் 'சேம் லாங்குவேஜ் சப்டைட்டிலிங்' என்று பெயர். டீச்சர்களுக்கான கையேட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொழிஞ்சாம்பாறை டீச்சர் கேட்ட கேள்விக்கு நிறையப் பதில்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். என் பதில் கொஞ்சம் நீளும்.

> 'ஒருமொழித் துணைத்தலைப்பு' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது மாஷே (வாத்தியாரே). துணைத்தலைப்பு என்றால் புத்தகத்தில் பாடத்தலைப்புக்குக் கீழே வரும் சின்னத் தலைப்பு. அந்தப் பொருளில் அது ஏற்கெனவே ஊன்றிவிட்டது. 'பிள்ளைகளைத் துணைத்தலைப்பைப் படிக்கச் சொல்லவும்' என்று கையேட்டில் எழுதினால் எந்த டீச்சரும் புத்தகத்தைத்தான் திறப்பார், திரையைப் பார்க்க மாட்டார். அன்றாடப் பேச்சுக்கு 'சப்டைட்டில்' போதும். மலையாளத்திலும் அதையேதான் சொல்கிறார்கள். அதை யாரும் துரத்த வேண்டாம். நமக்குச் சொல் தேவைப்படுவது கற்பிக்கும் முறைக்கு.

பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு குறிப்பு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த யோசனை இது. இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே, குஜராத்திப் பாட்டுக்குக் குஜராத்தியிலேயே வரிகளைத் திரையின் அடியில் ஓடவிடுவது. பாடப்படும் சொல் மட்டும் அந்தந்த நேரத்தில் நிறம் மாறும். 1999இல் தூர்தர்ஷனின் குஜராத்திப் பாட்டு நிகழ்ச்சியில் செய்து பார்த்தார்கள். பிறகு 'சித்ரஹார்' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சிக்கும் போனது. மொழி தெரியாதவருக்காகச் செய்ததல்ல. பள்ளிக்கூடம் போயும் எழுத்துக்கூட்டுவதோடு நின்றுபோனவர்களுக்காகச் செய்தது. பாட்டு மனப்பாடம், அடுத்த சொல் என்ன என்று வாய்க்குத் தெரியும், கண் முந்திக்கொண்டு ஓடி அதைப் பிடித்துக்கொள்கிறது. 'படி, படி' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே பாட்டு நாளைக்கும் வரும், மறுநாளும் வரும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் நம் சித்தூர் தாலுகாவுக்கு இது ஏன் பொருந்துகிறது? பாடநூல் தயாரிக்கும் அரசு நிறுவனமான கேரள எஸ்.சி.ஈ.ஆர்.டி. தமிழ்வழிப் பாடநூல்கள் வெளியிடுகிறது. தமிழ் மீடியம் டிவிஷன்களும் இருக்கின்றன. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது, கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் 'ஃபஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது தமிழ் மீடியத்துக்கும் பாடங்கள் வந்தன. ஆனாலும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்றிருக்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணுக்கு வரவில்லை. பஸ் போர்டு மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம், டிவியில் மட்டும் பகல் முழுக்கத் தமிழ்ப் பாட்டு.

எங்கள் வாயனசாலையில் (படிப்பகத்தில்) ஒரு சாயங்காலம் லேப்டாப்பில் பாட்டு போட்டு வரிகளை ஓடவிட்டோம். மலையாள மீடியத்தில் படிக்கும் ஒரு பெண், நான் பாட்டை நிறுத்தியதும் திரையில் நின்ற 'பூமி' என்ற சொல்லைப் படித்தாள். பறிக்கிற பூவில் வரும் 'பூ'வின் வல்லோசையையே அங்கும் வைத்தாள். அவள்மேல் தவறே இல்லை. மலையாளத்தில் பூவுக்கு ஓர் எழுத்து, பூமிக்கு வேறெழுத்து. கீதாவின் முதலெழுத்தும் கீரியின் முதலெழுத்தும் அங்கே வேறுவேறு. நம் எழுத்தில் அந்தப் பிரிவு கிடையாது. எங்கே வல்லோசை, எங்கே மெல்லிய ஓசை என்பதைக் காதுதான் சொல்லித்தர வேண்டும். பாட்டை மறுபடி ஓடவிட்டேன். 'பூமி' நிறம் மாறிய அதே நொடியில் பாடகர் குரல் வந்தது. "ஓ, நம்ம பூமியா?" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

இதிலிருந்துதான் என் தடை தொடங்குகிறது. ஆங்கிலப் பெயர் 'அதே மொழி' என்பதில் அழுத்தம் வைக்கிறது. இந்திக்கோ குஜராத்திக்கோ அது போதுமோ என்னவோ, தமிழுக்குப் போதாது. படத்தில் ஒருவன் "வந்துட்டுப் போனாங்க" என்கிறான். அடியில் 'வந்துவிட்டுச் சென்றார்கள்' என்று ஓடுகிறது. மொழி ஒன்றுதான். ஆனால் எழுத்துக்கூட்டும் பிள்ளையின் கண், கேட்ட சொல்லைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும். பேச்சை எழுத்துநடைக்கு மாற்றுவதும் ஒருவகை மொழிபெயர்ப்புதான். அதைப் படிக்க ஏற்கெனவே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டில் இந்தத் தொல்லை குறைவு, பாட்டுவரி பெரும்பாலும் எழுத்துநடையை ஒட்டியே இருக்கும். கோத்தாரி பாட்டில் தொடங்கியதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். தமிழுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே பெயரில் 'ஒருமொழி' வேண்டாம். கேட்ட சொல்லும் பார்த்த சொல்லும் ஒன்று, ஒரே நேரத்தில் வருவது என்ற இரண்டும் பெயரில் தெரிய வேண்டும்.

> 'உடன்வரி' எப்படி?

நல்ல சொல். ஆனால் வரி என்றதும் 'செஸ்ஸா, சர்சார்ஜா' என்று அடுத்த மடலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார்! பஞ்சாயத்து ஆபீஸில் இந்தக் கையேட்டைக் காட்டும்போதும் அதே கேள்வி வரும். 'உடன்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உடன்பிறப்பில் அது கூட்டு, 'உடனே' என்பதில் அதே நேரம். நமக்கு இரண்டும் தேவை. என் முன்மொழிவு 'உடனெழுத்து'. உடனெழுத்துப் பாட்டு, உடனெழுத்து வாசிப்பு, உடனெழுத்திட்ட காணொளி என்று ஒட்டவும் செய்கிறது. திரையின் அடியில் வரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அடியெழுத்து' இருக்கட்டும். கொரியப் படத்துக்குத் தமிழில் வருவது 'பெயர்ப்பெழுத்து'. பேச்சை எழுத்துநடையாக்கிப் போட்டால் அதையும் பெயர்ப்பெழுத்து என்றே சொல்வேன். இதில் சண்டை வரும், தெரியும்.

நிறம் மாறுவதைப் பற்றியும் ஒன்று. கரோக்கே மென்பொருள்கள் சிலவற்றில் நிறம் இடமிருந்து வலமாக வழிந்துகொண்டே போகும். தமிழுக்கு அது ஆகாது. 'கொடி' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் அதற்குத் தனி ஒலி இல்லை. 'க'வோடும் காலோடும் சேர்ந்தால்தான் ஒலி. வழியவிட்டால் ஒலியில்லாத கொம்பு முதலில் சிவக்கும், பிள்ளை அதற்கு ஏதோ ஓர் ஒலி தேடும். யூனிகோடு மெய்யை முதலில் வைத்துக் குறியைப் பின்னால்தான் சேமிக்கிறது. திரையில் மட்டும் இடம் மாறி நிற்கிறது. ஆக, நிறம் மாறும் அலகு முழுச் சொல்லாக இருக்க வேண்டும், இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் முழு எழுத்து. அதற்குக் கீழே போகக்கூடாது. இதற்கு 'சொல்லொளிர்வு' என்று பெயர் வைக்கலாம். வழக்கமான சப்டைட்டில் கோப்பான எஸ்.ஆர்.டி.யில் ஒரு வரி எப்போது வந்து எப்போது போகிறது என்ற கணக்கு மட்டுமே இருக்கும். சொல்லுக்குச் சொல் நேரம் குறிக்க வெப்விடிடி போன்ற வடிவம் வேண்டும். கணினி தெரிந்த தம்பிகள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தூரிலிருந்து

——

மாஷ்,
'உடனெழுத்து' என்றதும் உடனிலை மெய்ம்மயக்கம் (அதே மெய் அடுத்தடுத்து வருவது, 'பக்கம்' என்பதில் 'க்க' போல) நினைவுக்கு வருகிறது. இலக்கண வகுப்பில் குழப்பாதா?
வேலந்தாவளம்

——

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மெய்ம்மயக்கம் தெரியாது. அது தெரிந்த டீச்சர் குழம்ப மாட்டார்.
சித்தூர்

——

வணக்கம். மூணாறு எஸ்டேட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுப்) பிள்ளைகள் டிவியைவிட போனில்தான் பாட்டுப் பார்க்கிறார்கள். பாட்டைத் தானே கேட்டு எழுத்தாக்கித் தரும் வசதி இருக்கிறதே, அதுவும் உடனெழுத்தா? நான் பார்த்ததில் 'மலை' என்று பாடுவதற்கு 'மழை' என்று வந்தது. சில சமயம் எழுத்து பாட்டுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

——

அருமையான கேள்வி. இல்லை, அது உடனெழுத்து ஆகாது. சொல் தவறினால் 'கேட்டதே எழுத்து' என்பது போய்விட்டது, பிந்தி வந்தால் 'உடன்' போய்விட்டது. லகர ளகர ழகரம் இன்னும் கண்ணில் படியாத பிள்ளைக்கு அது தப்பையே பழக்கும். அதைத் 'தானெழுத்து' என்று தனியாக வைத்துக்கொள்வோம். ஒருவர் உட்கார்ந்து கேட்டு, சொல்லையும் நேரத்தையும் திருத்திய பிறகு உடனெழுத்து என்று பெயரிடலாம். வேலை குறையும்தான், முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

டீச்சர், கையேட்டில் 'திருத்தாத தானெழுத்தை வகுப்பில் காட்ட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாட்டுத் தேர்வில் வேகமான குத்துப்பாட்டு வேண்டாம், சொற்கள் பிரிந்து கேட்க வேண்டும். மறுப்பிருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கையேடு மெய்ப்புக்குப் போகிறது.
சித்தூர்