வெள்ளி நானோ கரைசல் மஞ்சளாக நிற்காமல் சாம்பலாகிறது, உதவி தேவை

வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக ஒடுக்கும் சோடியம் போரோஹைட்ரைடு வைத்து வெள்ளி நானோ துகள் தயாரிக்கிறேன். மஞ்சள் நிறம் தெளிவாக வருகிறது, ஆனால் நிற்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பழுப்பாகி, பிறகு சாம்பலாகிறது. மறுநாள் பார்த்தால் குடுவையின் அடியில் கறுப்புத் தூள் படிந்திருக்கிறது.

2 மில்லிமோலார் போரோஹைட்ரைடு 30 மில்லி, ஐஸில் வைத்து மேக்னடிக் ஸ்டிரரில் சுழலும். அதில் 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 10 மில்லியை நொடிக்கு ஒரு சொட்டாக விடுகிறேன். கடைசிச் சொட்டு விழுந்ததும் ஸ்டிரரை நிறுத்திவிடுவேன். மேலும் சுற்றினால் துகள்கள் திரண்டுவிடும். யூவி விசிபிள் ஒளி உறிஞ்சல் அளவீட்டில் முதலில் 396 நானோமீட்டரில் கூர்மையான உச்சி. அரை மணி கழித்து அதே உச்சி தாழ்ந்து, வால் 500-ஐத் தாண்டி நீள்கிறது.

போரோஹைட்ரைடு தண்ணீரில் தானாகச் சிதையும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகவே கரைக்கிறேன். கண்ணாடிச் சாமான்களை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியாயிற்று. குளோரைடு இருக்கிறதோ என்று அயனி நீக்கிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன், கலங்கவில்லை. அப்புறம், கடைசியில் கொஞ்சம் பிவிபி (துகள்கள் திரளாமல் தடுக்கும் பாலிமர்) கரைசலும் சேர்த்தேன். சாம்பலாவது தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை.

எனக்குச் சந்தேகம் போரோஹைட்ரைடு பாட்டில் மேல்தான். திறந்து நாளாகிவிட்டது, தூள் கட்டிதட்டியிருக்கிறது. ஈரம் இழுத்திருந்தால் எடை சரியாக இருந்தாலும் உண்மையான செறிவு குறைவாகத்தான் இருக்கும். துகள்கள் மேல் ஒட்டி அவற்றை விலக்கிவைக்கும் அளவுக்குப் போரோஹைட்ரைடு மிஞ்சாது. புது பாட்டில் வர நாளாகும்.

இந்தப் பாட்டிலில் உண்மையில் எத்தனை சதவீதம் போரோஹைட்ரைடு மிச்சம் என்று சாதாரண ஆய்வகத்தில் நம்பகமாக அளக்க எந்த முறை சரி: அமிலம் விட்டு வெளிவரும் ஹைட்ரஜனை அளப்பதா, அயோடேட் டைட்ரேஷனா?