புதுப்பிப்பு: மும்பை மாதுங்கா சால் படிக்கட்டுக்கு அரசுப் பணம்

எங்கள் சாலின் (வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள் உள்ள பழைய மாடிக் கட்டடம்) மரப்படிக்கட்டைச் சரிசெய்ய மாநில அரசு பணம் தருமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, வழி இருக்கிறது. 1940 செப்டம்பருக்கு முன் கட்டிய, செஸ் (பழுதுபார்ப்பு வரி) கட்டும் ‘ஏ’ பிரிவுக் கட்டடம் என்பதால் மாநில வீட்டுவசதி அமைப்பான ம்ஹாடாவின் பழுதுபார்ப்பு வாரியத்திடம் போகலாம். ஆனால் சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் மிச்சம் குடியிருப்பவர்கள் தலையில், இல்லையென்றால் எம்.எல்.ஏ. நிதிக்கு நடையாய் நடக்க வேண்டும். இப்போதைக்கு இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரும்பு முட்டு கொடுத்திருக்கிறார்கள், சிலிண்டர் தூக்கி வருகிறவர் பக்கவாட்டில் ஒடுங்கித்தான் ஏறுகிறார்.

அப்புறம், சயான் கோலிவாடா குடிசைக்கும் இது கிடைக்குமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு: கிடைக்காது, அதற்கு எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) தனி. அங்கே இலவச வீடு வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும், பழைய கரண்ட் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.