பண்டைய சிற்பங்களில் பகைவர்: இழிவுபடுத்தலா, உள்ளபடி காட்டலா?

கேள்வி:
எகிப்திய மன்னன் துட்டன்காமனின் செருப்புகளின் உட்புறத்தில், அவன் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் மிதிபடும்படி, கைகள் கட்டப்பட்ட நூபியரும் (எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள்) ஆசியரும் சித்திரிக்கப்பட்டுள்ளனர். இதில் இழிவுபடுத்தும் நோக்கம் வெளிப்படை. ஆனால் எகிப்தின் மெதினெத் ஹபு கோவிலில் மன்னன் மூன்றாம் ராமேசஸ் செதுக்குவித்த, எகிப்தைத் தாக்கிய ‘கடல் மக்கள்’ எனப்படும் இனத்தாரின் தலையணிகள் இனத்துக்கு இனம் வேறுபடுத்திக் காட்டப்பட்டுள்ளன. வெறுத்த பகைவனை இவ்வளவு கூர்ந்து கவனித்தது ஏன்?

மறுமொழி 1:
வெற்றிக்கு அந்த நுணுக்கம் தேவைப்பட்டது என்பதே என் கருத்து. தோற்றவன் யாரென்று தெரியாவிட்டால் வென்றவனுக்கு என்ன பெருமை? ஈரானிலுள்ள பெகிஸ்தூன் பாறையில் பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ், அரியணைக்குப் போட்டியிட்ட கௌமாதாவின் மேல் கால் ஊன்றி நிற்க, கழுத்துகள் கயிற்றால் பிணைக்கப்பட்ட கிளர்ச்சித் தலைவர்கள் ஒன்பது பேர் எதிரே வரிசையாக நிற்கிறார்கள். கடைசியாக நிற்கும், சகர் என்ற நாடோடி இனத்தின் தலைவன் ஸ்குங்கா பின்னர் சேர்க்கப்பட்டவன். அவனையும் அவனுடைய நெடிய கூர்முனைத் தொப்பியையும் நுழைப்பதற்காக, ஏற்கெனவே வெட்டியிருந்த ஏலமிய மொழிக் கல்வெட்டின் ஒரு பகுதியையே அழித்திருக்கிறார்கள். அதே தாரியஸ் கட்டத் தொடங்கிய பெர்செபோலிஸ் நகரின் அபதானா என்ற அரச மண்டபப் படிக்கட்டிலோ, கூர்முனைத் தொப்பியணிந்த சகர்கள் கட்டின்றி, குதிரையோடும் காணிக்கையோடும், அரண்மனை அலுவலர் கைபிடித்து அழைத்துவர நடந்து வருகிறார்கள். கிளர்ந்தவனுக்கு ஒரு சித்திரம், அடங்கியவனுக்கு வேறொன்று. தொப்பி மட்டும் மாறவில்லை.

மறுமொழி 2:
பாரசீகத்துக்கு இது பொருந்தும். அசீரியாவுக்கு அப்படியே பொருத்த இயலாது. கி.மு. 701இல் யூதா நாட்டின் லாக்கீசு நகரை வென்ற அசீரிய மன்னன் சனகெரிப், தன் தலைநகர் நினிவேயின் அரண்மனையில் ஓர் அறை முழுவதும் அம்முற்றுகையைச் செதுக்குவித்தான். கழுவேற்றப்பட்டவர்கள், தோல் உரிக்கப்படுபவர்கள், மூட்டை முடிச்சுகளுடன் மாட்டு வண்டிகளில் வெளியேறும் பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. சிற்பியின் நுணுக்கம் பகைவரின் தோற்றத்தைவிட அவர்களுக்கு நேர்ந்த கதியிலேயே மிகுதியாகச் செலவாகியிருக்கிறது. அரியணையில் அமர்ந்து கொள்ளைப் பொருளைப் பார்வையிடும் சனகெரிப்பின் முகம் பிற்காலத்தில் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும்; சிற்பத்துக்குக் கிடைத்த மறுமொழியாகவே அதைக் கொள்ளலாம்.

மறுமொழி 3:
பகைவனை உயர்த்திக் காட்டுவதும் ஒரு வகைத் தற்புகழ்ச்சிதான். கலாத்தியரை (சிறிய ஆசியாவில் குடியேறிய கால், அதாவது Gaul, இனத்தவரை) வென்ற பெர்கமோன் மன்னன் முதலாம் அட்டலோஸின் வெற்றிச் சின்னத்தோடு தொடர்புபடுத்தப்படும் ‘இறக்கும் கால் இனத்தவன்’ (Dying Gaul) சிற்பத்தின் ரோமானியப் பளிங்குப் படி (நகல்) ரோம் நகரில் இருக்கிறது. முறுக்குக் கழுத்தணி, மீசை, விறைத்த முடி ஆகியவற்றால் வீரன் இன்னான் என்பது ஐயமின்றித் தெரிகிறது. அவன் சாவிலோ கேலியின் சாயலே இல்லை. இதைக் கருணை என்று சிலர் வாசிக்கிறார்கள். வீரம் மிக்கவனை வென்றோம் என்ற அறிவிப்பாகவே எனக்குப் படுகிறது. இதற்கு நேர்மாறாக, இன்றைய துருக்கியிலுள்ள அப்ரோடிசியாஸ் நகரச் சிற்பத்தில் ரோமப் பேரரசர் கிளாடியுஸ் வீழ்த்தும் பிரித்தானியா (பிரிட்டன் நாடு) ஒரு பெண்ணுருவம் மட்டுமே. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் அந்த ஓர் உடலுக்குள் அடக்கப்பட்டுவிட்டார்கள்.

கேட்டவர்:
நன்றி. ஆயினும் பெகிஸ்தூன் சிற்பம் தரையிலிருந்து மிக உயரத்தில் உள்ளது. கீழே செல்பவருக்குத் தொப்பி தெரிந்தாலும் எழுத்துகளைப் படிக்க முடியாதே?

மறுமொழி 1:
அதற்காகவே கல்வெட்டின் படிகள் அனுப்பப்பட்டன. இச்செய்தியை எல்லா நாடுகளுக்கும் அனுப்பியதாகத் தாரியஸ் அக்கல்வெட்டிலேயே கூறுகிறான். எகிப்தின் எலிபன்டைன் தீவில் அதன் அரமேய மொழிப் படி பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. பாபிலோனில் கல்லில் வெட்டிய படியின் துண்டுகள் கிடைத்துள்ளன.