எண்ணெய்த் தாத்தா மைதானத்துக்குப் பலகையில் எந்தப் பெயர்?

கேள்வி:

எங்கள் பகுதிக் குழந்தைகள் விளையாடும் பொது மைதானத்துக்கு, போன ஆண்டு காலமான ஒரு பெரியவரின் பெயரை வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. நானும் அந்தக் குழுவில் ஒருவன். அவருடைய தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகப் போகவிருந்தபோது மூன்று ஆண்டுகள் மனுவும் கையுமாக அலைந்து மீட்டவர். அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. வாரம் தவறாமல் காலையில் வந்து ஊஞ்சல் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பார்ப்பார். தேய்ந்த கண்ணியில் ஒரு கிழிந்த துணியைக் கட்டிவைப்பார். மறுவாரம் அந்தக் கண்ணி மாறியிருக்கும். கையில் எப்போதும் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி. ஊஞ்சல் கிறீச்சிட்டால் போதும், பிள்ளைகள் “எண்ணெய்த் தாத்தா!” என்று கூவுவார்கள். அவர் இருந்தபோதே அது ‘எண்ணெய்த் தாத்தா மைதானம்’ ஆகிவிட்டது.

குழு எழுதிவைத்திருக்கும் பெயரிலோ பட்டம், இனிஷியல், ‘நினைவு’, ‘சிறுவர்’, ‘திடல்’ எல்லாம் சேர்ந்து ஒன்பது சொற்கள். படிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பிள்ளைகள் வைத்த பெயரையே எழுதலாமே என்றேன். அவருடைய மகளின் முகம் வாடிவிட்டது. “அப்பா எண்ணெய் போட்டதுதான் உங்களுக்கு நினைவிருக்கிறதா?” என்று கேட்டார். அதன்பின் எனக்குப் பேச வாய் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:

பெயர் சூட்டும் கோப்புகளைப் பல ஆண்டுகள் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சங்கம் முடிவெடுத்தால் மட்டும் பெயர் ஆகிவிடாது. இடம் எந்த அமைப்புக்குச் சொந்தமோ அதன் தீர்மானம் வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதே பெயரில் அருகில் வேறு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளை விழுந்து அடிபட்ட நேரத்தில் ஆம்புலன்ஸ் இன்னொரு மைதானத்தில் போய் நிற்கக் கூடாது.

அவசரம் வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரைத் தவிர்க்கவும், மறைந்தவர் பெயரைச் சூட்டுமுன் எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை வரையறுக்கவும் ஐ.நா.வின் புவியியல் பெயர்கள் மாநாடு 2002இல் பரிந்துரைத்திருக்கிறது. துக்கம் ஆறுமுன் எழுதும் பலகையில் அடைமொழிகள் கூடிவிடும் என்பது என் அனுபவம்.

பதில் 2:

ஒன்பது சொல் பெயரை ஒரு பிள்ளையும் சொல்லப் போவதில்லை. எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியத்தை இன்றும் சேப்பாக்கம் என்றுதானே சொல்கிறோம்? மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் கதை வேறு. அங்கே பெயர் நாவில் நின்றுவிட்டது. ஆனால் அவர்தான் அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர், ‘ஆந்திர பத்திரிகா’ நடத்தியவர் என்று அங்கே நடக்க வருகிற எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரை மூன்று சொல்லில் முடித்துவிட்டு, கீழே மனு, சங்கிலி, குப்பி எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதிவையுங்கள்.

பதில் 3:

அவரோடு மனுவில் கையெழுத்திட்டவர்களும் இருப்பார்களே. அவர்களையும் ஒரு வரியிலாவது சொல்லுங்கள். இல்லாவிட்டால் திறப்பு விழாவன்றே மனத்தாங்கல் தொடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. நேற்று மகளைப் பார்த்தேன். பெயர்ப் பேச்சையே எடுக்காமல், சங்கிலியில் அவர் துணி கட்டுவதைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியாதாம். சற்று நேரம் கழித்துச் சிரித்தார். வீட்டில் அப்பாவின் பழைய சட்டைகள் பலவற்றில் ஒரு கை இருக்காதாம். அம்மா எலியைத் திட்டிக்கொண்டிருப்பாராம். அடுத்த கூட்டத்துக்குத் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பலகை வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம்.

இன்னொன்று. இரண்டு மாதமாக ஊஞ்சல் கிறீச்சிடுகிறது. சங்கிலிக்கு எந்த எண்ணெய் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.