உதவி தேவை: 21 கிலோ சிக்னல் ஜெனரேட்டர், 17 கிலோ ஸ்கோப், ரெண்டும் ஏற்காட்டுல கெடக்கு, யாரும் வாங்க வரமாட்டேங்கறாங்க

ஏற்காட்டான் (கேள்வி):

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நாலு வருசம் முன்னாடி சேலத்துல ஒரு பழைய லேப் சாமான் ஏலம் வந்துச்சு, எனக்கு வேண்டியது காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர் அளக்கற ஒரே ஒரு எல்சிஆர் மீட்டர் தான், ஆனா தனியா கிடையாது லாட்டா தான் எடுக்கணும்னுட்டாங்க, சரின்னு மொத்தத்தையும் எடுத்து குட்டி யானைல ஏத்தி மேல கொண்டாந்து போட்டுட்டேன். இப்ப சித்திரைக்குள்ள எஸ்டேட் குவார்ட்டர்ஸ காலி பண்ணனும். சேலத்துல பாத்திருக்கற வீடு ரெண்டாவது மாடி, படி வேற குறுகல், வீட்டுல "அந்த இரும்பு வந்தா நான் வரல"ன்னு தெளிவா சொல்லியாச்சு.

இருக்கறது டெக்ட்ரானிக்ஸ் 7603 ஸ்கோப் (சிக்னல திரைல கோடா காட்டற ஆசிலோஸ்கோப்), அதுக்குள்ள சொருகற பிளக்இன் ரெண்டு, சிக்னல வாங்கற 7ஏ26 ஒன்னு, கோட்ட ஓட விடற டைம்பேஸ் 7பி53ஏ ஒன்னு, மூணாவது ஸ்லாட் காலி. எச்பி 8640பி சிக்னல் ஜெனரேட்டர், வேணும்ங்கற ஃப்ரீக்வென்சில ரேடியோ சிக்னல் குடுக்கறது. சயன்டிஃபிக் எச்எம்203 ஸ்கோப் ரெண்டு. டிரான்ஸ்ஃபார்மர் போட்ட 30 வோல்ட் பெஞ்ச் சப்ளை ஒன்னு. காப்பி மூட்டை போடற தராசுல வெச்சுப் பாத்தேன், எச்பி 21 கிலோ, டெக்ட்ரானிக்ஸ் 17.

ரெண்டு மாசமா வாட்சப் குரூப்ல போட்டுப் பாக்கறேன். ஜெனரேட்டருக்கு 25,000, ஸ்கோப்புக்கு 18,000ன்னு போட்டேன். எல்லாரும் சூப்பர் சார்ங்கறாங்க, எந்த ஊருங்கறாங்க, ஏற்காடுன்னதும் ஆளக் காணோம். இன்னொரு சிக்கல், 7603ய ஆன் பண்ணா திரை ஓரத்துல எழுத்து மட்டும் வருது, கோடு வரல. எச்பில ரேஞ்ச் நாப் சுத்துது, டிஸ்ப்ளேல ரேஞ்ச் மாறமாட்டேங்குது. அதனால "டெஸ்ட் பண்ணல, இருக்கற நிலைமைல எடுத்துக்கணும்"னு எழுதி வெச்சிருக்கேன். ரிப்பேர் பண்ணி விக்கறதா, இல்ல எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருக்கறதா?

குகை சர்வீஸ் கடை:

எடைக்கு மட்டும் போட்டுடாதீங்க சாமி. காயலான் கடைக்காரர் மொதல்ல டியூபத் தான் ஒடைப்பாரு, அப்புறம் அலுமினியம் தனி, போர்டு தனின்னு பிரிச்சுடுவாரு, உங்களுக்கு வர்ற காசு ரெண்டு தட்டுவடை செட்டுக்கும் ஒரு டீக்கும் ஆகும், கூட ஒரு முறுக்கு வேணா சேத்துக்கலாம்.

"டெஸ்ட் பண்ணல"ன்னு எழுதினா வாங்கறவன் காதுல எப்படி விழும் தெரியுங்களா, "ஆன் பண்ணிப் பாத்தேன், செத்துப்போச்சு, சொல்ல மனசு வரல"ன்னு விழும். முப்பது வருசமா பழைய சாமான் வாங்கறேன், அந்த வார்த்தைய நம்பி ஒரு தடவை கூட நல்ல பீஸ் கெடைச்சதில்ல.

ஆனா நீங்க சொன்னதுல ஒரு நல்ல சேதி இருக்கு, நீங்களே கவனிக்கல. திரைல எழுத்து வருதுல்ல? அப்ப பிக்சர் டியூப் உசுரோட இருக்கு, அதுக்குப் போற கிலோவோல்ட் சப்ளை இருக்கு, கோட்ட நகத்தற டிஃப்ளெக்ஷனும் வேலை செய்யுது, இல்லேன்னா எழுத்தே எழுத முடியாது. 7603ல செத்துப்போனா கஷ்டம்னு சொல்ற ஐட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோடு வராததுக்கு காரணம் பெரும்பாலும் சில்லறை. 7பி53ஏல டிரிகர் நார்ம்ல இருந்தா சிக்னல் குடுக்காத வரைக்கும் கோடு வராது, ஆட்டோ பட்டன அமுக்குங்க. பொசிஷன் நாப நடுவுல வைங்க. அப்பவும் வரலேன்னா பவர ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பிளக்இன்னையும் வெளிய இழுத்து, பின்னாடி இருக்கற தங்க முலாம் பூசின கான்டாக்ட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால தொடச்சு மறுபடி சொருகுங்க. ஏற்காட்டு ஈரத்துல நாலு வருசம் கெடந்திருக்கு, அழுக்கு இல்லாமயா இருக்கும். டைம்பேஸ் வலது ஓர ஸ்லாட்டுல தான் இருக்கணும், அதையும் பாத்துக்கோங்க. மூடிய மட்டும் கழட்டாதீங்க, டியூப் பக்கம் ஆஃப் பண்ண பின்னாடியும் அடிக்கும்.

கன்னங்குறிச்சி ஹாம்:

எச்பி பத்தி நான் சொல்றேன் தம்பி. நாப இனிமே பலமா திருகாதீங்க, இது மொதல் வேலை. 8640பி வெச்சிருக்கற அத்தனை பேரும் படற பாடு தான் இது. ஃப்ரண்ட் பேனலுக்குப் பின்னாடி ரேஞ்ச் சுவிட்ச்ச சுத்தற பிளாஸ்டிக் கியர் இருக்கு, அத பித்தளை மையத்துல இறுக்கி ஏத்தியிருப்பாங்க, வருசம் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கும் பித்தளை சுருங்காது, கடைசில ரெண்டு பல்லுக்கு நடுவுல விரிசல் விட்டு மையம் மட்டும் வெறுமனே சுத்தும். அதனால தான் நாப் சுத்தியும் ரேஞ்ச் மாறல. எலக்ட்ரானிக்ஸ்ல கோளாறுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. கியர மாத்தறவங்க இருக்காங்க, பித்தளைல கடஞ்சு போடறவங்களும் உண்டு, ஆனா சிக்னல உண்டாக்கற கேவிட்டி ஆசிலேட்டர் பக்கமெல்லாம் கழட்டி மாட்டணும், பழக்கம் இல்லாதவர் கை வெச்சா நல்லா இருக்கறதும் போயிடும். நீங்க ரிப்பேர் பண்ணாதீங்க. கோளாறு என்னன்னு பேர் சொல்லி வித்துடுங்க, தெரிஞ்சவன் வாங்கிக்குவான்.

எந்த ரேஞ்சுல மாட்டிக்கிட்டு நிக்குது? அது முக்கியம்.

ஏற்காட்டான்:

8லிருந்து 16 மெகாஹெர்ட்ஸ்ல நிக்குதுங்ணா. டியூனிங் நாப சுத்துனா நம்பர் ஓடுது, ரேஞ்ச் தான் மாறல.

கன்னங்குறிச்சி ஹாம்:

அட, நல்லதாப் போச்சு. உங்க எச்எம்203 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப், அதுலயே பாத்துடலாம். 10 மெகாஹெர்ட்ஸ் வைங்க, அவுட்புட் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்), கேபிள் ஸ்கோப்புல சேர்ற எடத்துல ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டர பேரலல்ல போடுங்க, 50 ஓம் ஆச்சு. உச்சிக்கு உச்சி 0.63 வோல்ட் கிட்ட வரணும். ரெசிஸ்டர் போடாம பாத்தா ரெட்டிப்பா காட்டும், பயந்துடாதீங்க. அப்புறம் அவுட்புட்ட கொறைக்கற அட்டெனுவேட்டர 20 டெசிபெல் எறக்குங்க, பத்துல ஒரு பங்கு, 63 மில்லிவோல்ட் வரணும். இத நான் ஏன் கேக்கறேன்னா, இந்த ஜெனரேட்டரோட அவுட்புட்ல வயர்லெஸ் செட்ட மாட்டி ரிசீவர் பாத்துக்கிட்டு இருக்கறப்ப யாராச்சும் மறந்து பிடிடிய (பேசறதுக்கு அமுக்கற பட்டன) அமுக்கிடுவாங்க, அந்த பவர் உள்ள போய் அட்டெனுவேட்டர் கருகிடும். வாங்க வர்றவன் மனசுல இருக்கற மொத பயம் அது தான். நீங்க அந்த ரெண்டு அளவையும் போட்டோ எடுத்துப் போட்டீங்கன்னா பாதி வியாபாரம் முடிஞ்சுது.

ஆன் பண்றதுக்கு முன்னாடி பின்னாடி ஃப்யூஸ் கிட்ட இருக்கற சின்ன கார்ட பாருங்க, 240 வெளிய தெரியணும். 120 தெரிஞ்சா தொடவே தொடாதீங்க.

ஐந்துரோடு பாலிடெக்னிக்:

அண்ணா வணக்கம், 7ஏ26 மட்டும் தனியா குடுப்பீங்களா? என்கிட்ட அத சொருகற மெயின்ஃப்ரேம் இருக்கு. 3,000 தரேன், பைக்லயே வந்து எடுத்துக்கறேன்.

குகை சர்வீஸ் கடை:

ஏற்காட்டாரே, குடுத்துடாதீங்க. தம்பி கோச்சுக்காதே, உன் மேல தப்பில்ல, எல்லாரும் கேக்கறது தான். பிளக்இன் ஒரு கைல தூக்கலாம், பார்சல் லேசு, உடனே போயிடும். அப்புறம் 7603 வெறும் கூடு, அத எவனும் எடுக்கமாட்டான், நீங்க 13 கிலோ கூட்ட வெச்சுக்கிட்டு காயலான் கடைக்குத் தான் போகணும். லேசான ஐட்டத்த மொதல்ல வித்தா கனமானது தலைல கட்டும், இந்த தொழில்ல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

வெலையப் பத்தியும் ஒன்னு சொல்லணும், வருத்தப்படக் கூடாது. 18,000க்கு 7603ன்னா, வாங்கறவன் மேல காசு போட்டு புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்கிடுவான், ரைகால் 1054இசட் நாலு சேனல், மூணு கிலோ கிட்ட தான், ஸ்டோரேஜ், எஃப்எஃப்டி எல்லாம் இருக்கு. 7603 வாங்கறவன் அது வேணும்னு வாங்கல, ஆசைக்கு வாங்கறான். ஆசைக்கு வாங்கறவன் எண்ணிக்கை கம்மி, அவனுக்கும் வீட்டுல ஒரு ஆள் இருப்பாங்க. பாதி வெலைக்கு வாங்க.

ஏற்காட்டான்:

பார்சல் போடலாமா கூடாதா? பெங்களூர்லருந்து ஒருத்தர் லாரி புக்கிங்ல போடுங்க, டு பே, கூலிய எடுக்கறப்ப நானே குடுத்துக்கறேங்கறாரு. செவ்வாய்ப்பேட்டைல புக்கிங் ஆபீஸ் எனக்குத் தெரிஞ்சவர் தான்.

சூரமங்கலம் பேக்கிங்:

நான் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவன், கேளுங்க. ஒரு பழைய ஸ்கோப்ப அட்டைப் பொட்டில தெர்மாகோல் உருண்டை போட்டு லாரில அனுப்பிச்சேன், உருண்டையெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி ஸ்கோப் அடில உக்காந்துடுச்சு, டியூப் கழுத்துல மயிரிழை விரிசல். அந்தப் பக்கம் பிரிச்சவர் போட்டோ அனுப்பிச்சாரு, டியூபுக்குள்ள மிச்சக் காத்த உறிஞ்சற கெட்டர் பூச்சு வெள்ளி மாதிரி மின்னும்ல, அது பால் வெள்ளையா மாறியிருந்துச்சு. வெள்ளையானா காத்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், அதோட கதை முடிஞ்சுது. பணத்த திருப்பிக் குடுத்தேன், பார்சல் காசும் என் தலைல. பொட்டில "கவனம்"னு எழுதினா லோடுமேன் அத மேல வெப்பாருன்னு நெனைக்காதீங்க, 17 கிலோ பொட்டி எப்பவும் அடில தான் போகும்.

போட்டே ஆகணும்னா பிளக்இன்ன வெளிய எடுத்து தனிப் பொட்டில போடுங்க, ஸ்கோப்ப சுத்தி மெத்தைக் கடைல வெட்டி மிஞ்சற கெட்டி ஃபோம் எல்லாப் பக்கமும் நாலு விரக்கடை, உள் பொட்டி, வெளிய இன்னொரு மரப்பொட்டி. நாப் எதுலயும் இடிக்கக் கூடாது. பொட்டிக் கூலியே ஆயிரக்கணக்குல வந்துடும். அதுக்கு அந்தக் காச வெலைல கழிச்சு நேர்ல வர்றவனுக்குக் குடுத்துடலாம்.

என் யோசனை, சாமான கீழ எறக்குங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பாத்துட்டு புடிக்கலேன்னா திரும்பப் போகணுமேன்னு யோசிப்பான்ல எவனும். ஜங்ஷன் பக்கம் என் கடைல ஒரு மேசை காலியா இருக்கு, வைங்க, கரன்ட்டும் இருக்கு. ஈரோட்டுக்காரன் ரயில்ல வந்து பாத்துட்டு மறுநாள் கார் எடுத்துட்டு வருவான். எறக்கும்போது லோடு வண்டி பின்னாடி போடாதீங்க, கார் பின் சீட்டுல உக்கார வெச்சு பெல்ட் போடுங்க, மாப்பிள்ளைய கூட்டிட்டு வர்ற மாதிரி.

அப்புறம், ராணுவத்துல இருக்கேன், சாமானப் பாக்காமயே எடுத்துக்கறேன், கியூஆர் அனுப்பறேன் ஸ்கேன் பண்ணுங்கன்னு எவனாச்சும் வந்தா போன வெச்சுடுங்க. நமக்குப் பணம் வர்றதுக்கு நாம பின் நம்பர் போடற வேலையே இல்ல.

ஏற்காட்டான்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

7603ல ஆட்டோ அமுக்கினேன், ஒன்னும் வரல, கான்டாக்ட் தொடச்சு சொருகினேன், வந்துடுச்சுங்க கோடு! கேலிபிரேட்டர் சதுர அலைய மாட்டிப் பாத்தேன், பச்சையா கத்தி மாதிரி நிக்குது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், விக்கவே மனசு வரல. எச்பில 0.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, 20 டெசிபெல் எறக்கினா 60 மில்லிவோல்ட் பக்கம். கார்டு 240ல தான் இருந்துச்சு.

விளம்பரத்த மாத்தி எழுதினேன். "கியர் விரிசல், 8-16 ரேஞ்ச் மட்டும், அவுட்புட் அளந்தது, படம் பாருங்க"ன்னு. அதே சாமான், அதே ஆளு, அன்னைக்கே அஞ்சு போன்.

சூரமங்கலம் அண்ணன் கடைக்கு எறக்கினோம், அவருக்கு ஒரு கிலோ காப்பித் தூள் கடன். பெஞ்ச் சப்ளை மேசைல வெச்ச அன்னைக்கே போச்சு, 3,500, பேரமே இல்ல. 7603 ஈரோட்டுக்காரர் 9,000, பிளக்இன்னோட. ஐந்துரோடு தம்பிக்கு ஒரு எச்எம்203 குடுத்தேன், 2,500 தான் வாங்கினேன். இன்னொன்ன இன்டக்ஷன் அடுப்பு ரிப்பேர் பண்றவர் எடுத்தாரு.

குகை சர்வீஸ் கடை:

இன்டக்ஷன் அடுப்பா? அவருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, அடுப்புக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸோட நேரா ஒட்டாம கரன்ட் குடுக்கறது) இல்லாம ப்ரோப் கிளிப்ப அந்த போர்டுல மாட்டக் கூடாது. ஸ்கோப் பாடியும் கிளிப்பும் எர்த்தோட ஒன்னு, அடுப்பு போர்டு கிரவுண்ட் மெயின்ஸோட இருக்கு, மாட்டின நொடில வெடிக்கும். சில பேரு அதுக்கு ஸ்கோப் பிளக்குல எர்த் பின்ன வெட்டி விடுவாங்க, அப்ப பாடியே ஷாக் அடிக்கும். இன்னைக்கே சொல்லுங்க.

ஏற்காட்டான்:

இப்பத்தான் போன் பண்ணேங்க. பின்ன ஏற்கனவே வெட்டி வெச்சிருந்தாராம். திரும்ப மாட்டச் சொல்லிட்டேன், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கற வரைக்கும் தொடலேன்னாரு.

கன்னங்குறிச்சி ஹாம்:

எச்பி என்னாச்சுன்னு சொல்லவே இல்லையே தம்பி?

ஏற்காட்டான்:

நீங்க தான் அன்னைக்கு கடைல வந்து 12,000ன்னு சொல்லிட்டுப் போனீங்களேணா, மேசைக்குக் கீழ உங்க பேர் எழுதி வெச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, தூக்க ரெண்டு பேர் வேணும்.

சூரமங்கலம் பேக்கிங்:

எல்லாம் சரி, எந்த எல்சிஆர் மீட்டருக்காக இவ்வளவையும் மலை ஏத்துனீங்களோ அது நல்லா வேலை செய்யுதா?

ஏற்காட்டான்:

அது இன்னைக்கு வரைக்கும் ஆன் ஆகலீங்க. ஃப்யூஸ் நல்லா இருக்கு, டிரான்ஸ்ஃபார்மர்ல செகண்டரி வோல்டேஜ் வருது. வீடு மாத்தி முடிச்சதும் படம் எடுத்துட்டு தனியா கேக்கறேன்.