பதில்: ‘மருந்துக் கடத்தி’ சரிவருமா?

> ட்ரான்ஸ்போர்ட்டருக்கு ‘கடத்தி’ என்றே வைப்போம். சுருக்கமாக இருக்கிறது.

அண்ணை, கலச் சவ்வில் இருந்துகொண்டு மருந்தை உள்ளே எடுக்கிற, வெளியே தள்ளுகிற புரதங்களுக்குத்தான் (ஆங்கிலத்தில் ட்ரான்ஸ்போர்ட்டர்) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘கடத்தி’ சுருக்கம்தான். ஆனால் அதை நோயாளி கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பார்மசியில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, ‘உங்கள் குடலில் மருந்துக் கடத்திகள் இருக்கின்றன’ என்று முதல் வரி போட்டேன். வாங்கிப் படித்த ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, இது பொலிசுக்குத் தெரியுமோ?” என்றார். பேப்பரைத் திறந்தால் கேரளக் கஞ்சா கடத்தல் என்று கிடக்கிற ஊரில் மனிசன் வேறென்ன கேட்பார்? போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் செம்புக் கம்பி ‘கடத்தி’, இறப்பர் ‘காவலி’ என்று ஏற்கெனவே படிப்பித்தாயிற்று.

பொதுப்பெயர் ‘காவி’, வெளியே தள்ளுவதற்குத் தனியாக ‘இறைப்பி’. இதுதான் என் கட்சி.

வெளியே தள்ளுகிற புரதங்களில் ஒன்றான பி-கிளைக்கோபுரதத்தை எடுங்கள். டிகொக்சின் குடற்சுவர்க் கலத்துக்குள் நுழைய நுழைய, இந்தப் புரதம் கலத்தின் சக்தியைச் செலவழித்துத் திரும்பக் குடலுக்குள்ளேயே வாரிக் கொட்டும். சிறுநீரகத்தில் சிறுநீர்ப் பக்கம் கொட்டும். ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற மாதிரித்தான். இதயத்துக்கு டிகொக்சின் குளிசை போடுகிற ஆச்சிக்கு நெஞ்சுச் சளிக்கென்று கிளாரித்ரோமைசின் கொடுத்தால் இறைக்கிற கை கட்டுப்பட்டுப் போகும், டிகொக்சின் இரத்தத்தில் ஏறும், சாப்பாடு மனமிராது, சத்தி வரும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும், நாடி விழும். இத்தனைக்கும் ஆச்சி டிகொக்சினில் அரைக் குளிசைகூடக் கூடப் போடவில்லை. காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் நேர் எதிர்: இறைப்பிகள் பெருகும், டிகொக்சின் குறைந்துபோகும். ‘இறைப்பி மறிபட்டது’, ‘இறைப்பி கூடிவிட்டது’ என்றால் தோட்டத்துக்கு இறைக்கிற எவருக்கும் விளங்கும்.

பெயர் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே புரதம்தான் சாட்சி. 1976இல் ஜூலியானோவும் லிங்கும் கனடாவில், கொல்கிசினுக்கு மசியாத ஹம்ஸ்டர் கலங்களில் இதைக் கண்டார்கள். எங்கள் வேலியில் படர்கிற கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சுதான் கொல்கிசின். மருந்தை உட்புகவிடும் தன்மையை இது மாற்றுகிறது என்று நினைத்து, அதற்கான ஆங்கிலச் சொல்லின் (permeability) முதலெழுத்தான ‘பி’யை ஒட்டினார்கள். உள்ளே போனதை இறைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ‘பி’ இன்னும் போகவில்லை.

புற்றுநோய்க் கலம் டொக்சோரூபிசின், வின்கிறிஸ்டீன், பக்ளிற்றாக்செல் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத மருந்துகளை இந்த ஒரே இறைப்பியால் துரத்திவிடும். சரி, மறித்துவிடுவோம் என்று மறிப்பு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரலிலும் சிறுநீரகத்திலும் கழிக்கிற வேலையும் இதற்கே என்பதால் மருந்து உடம்பில் தேங்கி, அளவைக் குறைக்க வேண்டி வந்தது, நினைத்த பலனும் வரவில்லை.

கொலஸ்திரோலைக் குறைக்கிற ஸ்டற்றின் மருந்தை ஈரலுக்குள் எடுக்கிற வகைக்கு ‘உட்காவி’ போதும். உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் அந்த உட்காவியை மறித்தால் ஸ்டற்றின் இரத்தத்தில் நின்று தசையைக் கெடுக்கும்.

காவி என்றால் சாமியார் ஞாபகம் வரும் என்று எழுதுவீர்கள், தெரியும். நுளம்பை ‘நோய்க்காவி’ என்று இவ்வளவு காலமாகச் சொல்கிறோம், எவரும் ஆசிரமத்தில் போய்த் தேடவில்லை. ஆனால் ‘மருந்துக்காவி’ வேண்டாம், மருந்தைச் சுமந்து போகிற கொழுப்புக் குமிழிக்கு அது தேவைப்படும். ‘சவ்வுக்காவி’ என்று வைப்போம்.

—

> வெளியே தள்ளுவதற்குத் தனியாக ‘இறைப்பி’

தம்பி, இறைப்பிக்குக் கை தூக்குகிறேன். ஐயா கேட்ட கேள்வியோடு கடத்தியையும் விட்டுவிட்டேன். ஆனால் மலேரியா ஒட்டுண்ணியை மறந்துவிட்டீர். குளோரோகுயினுக்கு மசியாத ஒட்டுண்ணியில் ஒரு காவி உருமாறி, மருந்தை அதன் சமிபாட்டுப் பையிலிருந்து வெளியே விடுகிறது. பையை விட்டு வெளியேதான், கலத்தை விட்டல்ல. அதை இறைப்பி என்பீரா, காவி என்பீரா?