பன்னீர்ச் செம்பு திருத்த ஆள் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. பழைய வெள்ளிச் சாமான் திருத்துகிற, நம்பிக்கையான ஆட்கள் யாரையாவது தெரியுமா? கிளிநொச்சி, வவுனியா என்றால் வசதி. யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் இருக்கிற கன்னாதிட்டிக்குப் போகவும் தயார்.

அம்மம்மாவின் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும்தான் சாமான். எங்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றிலும் வாசலில் இருந்தவை. செம்பை யார் பிடிப்பது என்று பெட்டைகளுக்குள் சண்டையே நடக்கும். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பை விட்டு வெளிக்கிடும்போது அப்பா உரப்பையில் சுற்றி, கிணற்றடித் தென்னைக்குப் பக்கத்தில் தாட்டுவிட்டு வந்தார். மீளக்குடியேறிய பிறகு தோண்டினால் இரண்டும் கிடைத்தன. தையல் மெஷின்தான் போய்விட்டது, அது வேறு கதை.

செம்பின் கழுத்து நெளிந்து மூடி இறுகிவிட்டது. அடியில் அம்மம்மாவின் முதலெழுத்து புள்ளிபுள்ளியாகக் கொத்தியிருக்கிறது. ஒரு கடையில் காட்டினால், உருக்கிப் புதுசாகவே செய்யலாம் என்கிறார்கள். புதுசு வேண்டுமென்றால் இதை ஏன் கொண்டு போகிறேன்?

கறுப்பை எடுக்க அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் போதும், வெள்ளியும் தேயாது. ஆனால் பூவேலைக்குள் படிந்த கறுப்பும் சேர்ந்து போய்விடும், பிறகு வேலைப்பாடு எடுபடாது. மேல்பக்கத்தை மட்டும் மினுக்கிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். கூலி எவ்வளவு வரும் என்றும் தெரிந்தால் நல்லது.